தாத்தாவின் கேஸ் கட்டும் 78 வருஷத் தற்காலிகச் சட்டமும்

போன பொங்கலுக்கு மதுரைக்குப் போனப்ப, சிம்மக்கல் வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ற வேலையை அம்மா என் தலையில கட்டிட்டாங்க. உடைஞ்ச டிரான்சிஸ்டர், கரி பிடிச்ச குத்துவிளக்கு, அப்பா பத்தாவது படிச்சப்ப வாங்கின ஜியாமெட்ரி பாக்ஸ்னு ஒவ்வொண்ணா எடுத்துக் கீழே கொடுத்துக்கிட்டே வந்தேன். கடைசியில ஒரு மஞ்சப்பை. உள்ளே நூல் போட்டுக் கட்டின காகிதக் கட்டு. மேல்தாளில் மை மங்கிப்போய் "ஆர்.சி.ஓ.பி."ன்னு ஒரு நம்பர், 1979.

கட்டைப் பிரிச்சதும் மணியார்டர் கூப்பன்களா கொட்டுச்சு. எல்லாத்திலும் ஒரே கையெழுத்து, ஒரே வாசகம்: "இந்த மாத வாடகை ரூ.60, மணியார்டர் கமிஷன் போக." எண்ணிப் பார்த்தேன். 94 இருந்தது.

அப்பா கீழேயிருந்து பார்த்துட்டு, "அதைத் தூக்கிக் குப்பையில போடுடா"ன்னார். நான் போடலை. பையில் வச்சு சென்னைக்கே கொண்டு வந்துட்டேன். இந்தப் பதிவுக்குக் காரணம் அந்தக் கட்டுதான்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். எங்க தாத்தா ரயில்வேயில வேலை பார்த்தவர். ஊர் ஊரா மாற்றல், குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. ரிட்டயர் ஆனதும் இருக்கலாம்னு 1958-ல் சிம்மக்கல் பக்கம் இந்த வீட்டை வாங்கிப் போட்டார். சும்மா பூட்டி வைப்பானேன்னு 1961-ல் வாடகைக்கு விட்டார். குடிவந்தவர் ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறவர். எங்க வீட்டுல இன்னிக்கும் அவர் பேரு "கணக்குப்பிள்ளை மாமா"தான். 35 ரூபாயில ஆரம்பிச்ச வாடகை ஏறி ஏறி 60-ல் வந்து நின்னுச்சு.

1979-ல் தாத்தா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். "வீட்டைக் கொடுங்க"ன்னு கேட்டார். கணக்குப்பிள்ளை மாமா, "எங்கே போவேன்"னு கேட்டார். ரெண்டும் நியாயமான கேள்வி. ஆனா அதுக்கு விடை கிடைக்க 12 வருஷம் ஆச்சு. அந்த 12 வருஷமும் தாத்தா அதே மதுரையில வேற ஒரு வாடகை வீட்டுல இருந்தார். சொந்த வீட்டுக்கு 60 ரூபாய் வாங்கிக்கிட்டு, குடியிருந்த வீட்டுக்கு 175 கொடுத்தார்!

இது எப்படிச் சாத்தியம்னு எனக்குச் சின்ன வயசுலேர்ந்து புரிஞ்சதே இல்லை. கட்டைக் கொண்டு வந்த பிறகுதான் உட்கார்ந்து படிச்சேன். படிக்கப் படிக்க இது தாத்தா கதை மட்டும் இல்லைன்னு தெரிஞ்சது. நூல் பிடிச்சுக்கிட்டே போனா அது முதல் உலகப் போர்ல போய் நிக்குது.

ஆரம்பம்: கிளாஸ்கோ, 1915

ஸ்காட்லாந்துல கிளாஸ்கோன்னு ஒரு ஊர். கப்பல் கட்டுற தளங்களும் ஆயுதத் தொழிற்சாலைகளும் நிறைஞ்சது. போர் ஆரம்பிச்சதும் வேலைக்கு ஆள் குவிஞ்சாங்க. வீடுகளோட எண்ணிக்கை மட்டும் அதேதான். என்ன ஆகும்? வாடகையை ஏத்தினாங்க. ஆம்பளைங்க போர்முனையில இருக்க, வீட்டுல இருக்கிற பொம்பளைங்களை வெளியே தள்ளப் பார்த்தாங்க. மேரி பார்பர்னு ஒரு அம்மா முன்னால நின்னாங்க. ஏத்தின வாடகையைக் கொடுக்க மாட்டோம்னு தெருத்தெருவா பெண்கள் சேர்ந்து நின்னு, காலி பண்ண வந்த ஆட்களைத் தடுத்தாங்க. 1915 நவம்பர் 17-ம் தேதி வாடகை பாக்கிக்காகத் தொழிலாளர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தப்ப, வெளியே பெருங்கூட்டம் கூடிருச்சு. கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க.

அடுத்த மாசமே பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டுச்சு. 1914 ஆகஸ்ட்ல என்ன வாடகையோ அதுக்கு மேல ஏத்தக் கூடாது. இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தச் சட்டத்தோட பேர்லேயே ரெண்டு பொருள் இருக்கு: வாடகை உயர்வு, அடமான வட்டி உயர்வு. வீட்டுக்காரர் வாடகையை ஏத்தக் கூடாது. வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவரும் வட்டியை ஏத்தக் கூடாது. ரெண்டு பக்கமும் கட்டு. போர் முடியற வரைக்கும்தான்னு சொன்னாங்க.

அந்தச் சரக்கு கப்பலேறி இங்கே வந்தது. 1918-ல் பம்பாய். 1920-ல் கல்கத்தா, ரங்கூன்.

மெட்ராஸ் கதை

நம்ம மெட்ராஸுக்கு ரெண்டாம் உலகப் போர்ல வந்தது. 1941-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒரு வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு. அடுத்த வருஷம் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் தனியா ஒண்ணு. (அதே 1942 ஏப்ரல்லதான் ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே மூட்டை கட்டிக்கிட்டு ஓடினது. வாடகைக் கட்டுப்பாடு அமல்ல இருக்கு, குடியிருக்க ஆள் இல்லை. பிறகு எல்லாரும் திரும்பி வந்தாங்க.)

போர் முடிஞ்சது. உத்தரவு போகலை. 1946-ல் அதைச் சட்டமாவே ஆக்கினாங்க. 1949-ல் இன்னொரு சட்டம். அதன்படி நியாய வாடகைக்கு அளவுகோல், 1940 ஏப்ரல் 1-க்கு முந்தைய 12 மாசத்துல அந்தப் பக்கத்துல ஓடின வாடகை. அதுக்கு மேல ஒரு சின்ன சதவீதம் கூட்டிக்கலாம், அவ்வளவுதான். 1960-ல் "தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம்"னு பின்னால பேர் மாறின அந்தப் பிரபலமான சட்டம் வந்தது. தாத்தாவோட கட்டு முழுக்க இந்தச் சட்டத்தோட பிரிவுகள்தான்.

சட்டத்தோட நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். நினைச்ச மாதிரி வாடகையை ஏத்த முடியாது. காரணம் இல்லாம வெளியே அனுப்ப முடியாது. காரணம்னா சட்டம் சொல்ற காரணமா இருக்கணும்: வேணும்னே வாடகை பாக்கி வச்சது, அனுமதி இல்லாம உள்வாடகைக்கு விட்டது, வேற உபயோகத்துக்கு மாத்தினது, கட்டடத்தைச் சேதப்படுத்தினது, வீட்டுக்காரருக்கே குடியிருக்க வேணும்கிறது, இடிச்சுக் கட்டணும்கிறது... இப்படி ஒரு பட்டியல். விசாரிக்கிறவர் ரெண்ட் கன்ட்ரோலர். வெளியூர்ல பெரும்பாலும் முன்சீப்தான் அவர். அங்கே தோத்தா அப்பீல், அதுக்கு மேல ஹைகோர்ட்ல சீராய்வு மனு.

மணியார்டர் ரகசியமும் சட்டத்துல இருந்தது. வீட்டுக்காரர் வாடகையைக் கையில வாங்க மறுத்தா, எந்த பேங்க்ல கட்டணும்னு குடித்தனக்காரர் நோட்டீஸ் விட்டுக் கேட்கலாம். பதில் இல்லையா, கமிஷனைக் கழிச்சுக்கிட்டு மணியார்டர் அனுப்பலாம். அதையும் வாங்கலைன்னா கன்ட்ரோலர்கிட்ட கட்டலாம். கணக்குப்பிள்ளை மாமா பேருக்கேத்த மாதிரி கணக்கா இருந்திருக்கார். ஒரு மாசம்கூடத் தவறலை. தாத்தா கையெழுத்துப் போட்டு வாங்கும்போதெல்லாம், "அந்தக் கமிஷன் என் காசு"ன்னு புலம்புவாராம்.

ஹார்ட்கோட் பண்ணின நம்பர்கள்

நம்ம துறை ஆளுங்களுக்கு இது உடனே புரியும். அவசரத்துக்கு ஒரு தற்காலிக ஃபிக்ஸ் போடுவோம். ரிலீஸ் முடிஞ்சதும் சரி பண்ணிடலாம்னு கமென்ட்லயும் எழுதி வைப்போம். பத்து வருஷம் கழிச்சு வேற ஒருத்தன் வந்து பார்த்தா அது அங்கேயே இருக்கும். அது மேல நாலு மாடி கட்டியிருப்பாங்க. எடுத்தா எல்லாம் சரியும். அதோட உள்ளே ஒரு நம்பரை ஹார்ட்கோட் பண்ணியிருந்தா கேட்கவே வேணாம்.

வாடகைச் சட்டங்களோட வரலாறே இந்த ஹார்ட்கோட் நம்பர்களோட வரலாறுதான்.

பம்பாய்: 1947 சட்டப்படி, 1940 செப்டம்பர் 1-ம் தேதி என்ன வாடகையோ அதுதான் அடிப்படை. தற்காலிகச் சட்டம்தான். திரும்பத் திரும்ப நீட்டிச்சு நீட்டிச்சு 50 வருஷம் ஓட்டினாங்க. 1997 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் (மால்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கு) ஒரு காலத்துல நியாயமா இருந்த இந்த வாடகை விதிகள் காலப்போக்குல அநியாயமாயிருச்சுன்னு சொன்னது. சட்டத்தோட ஆயுசு சில மாசத்துல முடியப் போகுதுங்கிறதால ரத்து பண்ணாம விட்டது. புதுச் சட்டம் 2000 மார்ச் 31-ல் அமலாச்சு.

தமிழ்நாடு: மாசம் 400 ரூபாய்க்கு மேல வீட்டு வாடகை கொடுக்கிற குடித்தனக்காரங்களுக்குப் பாதுகாப்பு வேணாம், அவங்க வசதியானவங்கன்னு ஒரு விலக்கு இருந்தது. 1973 திருத்தத்துல வச்ச நம்பர் 400. அப்போ அது பெரிய வாடகை. 1986-ல்? சாதாரணக் குடும்பமே அதைத் தாண்டியிருச்சு. ரத்தன் ஆர்யா வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த விலக்கையே அடிச்சுப் போட்டது. கடைக்கு இல்லாத உச்சவரம்பு வீட்டுக்கு மட்டும் எதுக்குன்னும் கேட்டது.

டெல்லி: 1988-ல் வச்ச வரம்பு 3,500 ரூபாய். 1995-ல் பார்லிமென்ட் ஒரு புதிய வாடகைச் சட்டத்தையே நிறைவேத்திச்சு, ஜனாதிபதியும் கையெழுத்துப் போட்டார். பழைய வாடகையில கடை வச்சிருந்த வியாபாரிங்க போராட்டம் பண்ணாங்க. அந்தச் சட்டம் கடைசி வரைக்கும் அமலுக்கே வரலை.

ஆக நம்பரை வைக்கிறது சுலபம். அதை எடுக்கிறதுக்குள்ள அதை நம்பி ஒரு தலைமுறையே வாழ்க்கையை அமைச்சிருக்கும்.

அடைச்ச தண்ணி எங்கே போகும்?

இதுதான் எனக்கு முக்கியமா பட்ட விஷயம். வாடகையைச் சட்டம் பிடிச்சு வச்சா அந்தப் பணம் காணாமப் போறதில்லை. வேற வழியில வெளியே வருது.

முதல் வழி, அட்வான்ஸ். 1960 சட்டப்படி ஒரு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது! சென்னையில பத்து மாச அட்வான்ஸ் கொடுத்து நொந்து போனவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க. சட்டப் புத்தகத்துல ஒரு மாசம், ஊர் வழக்கத்துல பத்து மாசம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்காம பல வருஷம் பக்கத்துப் பக்கத்துல குடித்தனம் நடத்தியிருக்கு. 1996-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல (நரசிம்ம ராவ் - நசிமுதீன் அகமது வழக்கு), அளவுக்கு மேல அட்வான்ஸைக் கையில வச்சுக்கிட்டு "வாடகை பாக்கி"ன்னு சொல்லிக் காலி பண்ணச் சொல்ல முடியாதுன்னு சொன்னது.

சின்னக் கணக்கு ஒண்ணு. நான் இப்போ கொடுக்கிற வாடகை 18,000. அட்வான்ஸ் பத்து மாசம், 1,80,000. அதை 7 சதவீத வட்டியில போட்டிருந்தா வருஷத்துக்கு 12,600, மாசத்துக்கு 1,050. ஆக என்னோட நிஜ வாடகை 19,050. ஒப்பந்தத்துல இல்லாத இந்த 1,050-தான் அடைச்ச தண்ணி கசியற இடம்.

ரெண்டாவது வழி, பகடி. பம்பாய் ஸ்பெஷல். குடிவரும்போது மொத்தமா ஒரு தொகை, அதுவும் ரசீது இல்லாம. அப்புறம் மாசாமாசம் பேருக்கு ஒரு வாடகை. காலி பண்றப்ப அடுத்து வர்றவர்கிட்ட பகடி வாங்கி வீட்டுக்காரரோட பங்கு போட்டுக்குவாங்க. பல வருஷம் சட்டவிரோதமா நடந்ததை 1999-ல் போட்ட சட்டம் சட்டபூர்வமாவே ஆக்கிருச்சு. நம்ம பக்கத்து ஒத்தி, போக்கியம் எல்லாம் வேற ரகம். அது வாடகைச் சட்டத்துக்கு முன்னாலேர்ந்தே இருக்கிற வழக்கம். ஆனா பெரிய தொகையை முதல்லயே வாங்கிக்கிட்டு மாச வாடகையே இல்லாம விடுற அந்த ஏற்பாடு, வாடகையை ஏத்த முடியாத காலத்துல வீட்டுக்காரங்களுக்கு ஏன் பிடிச்சிருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை.

மூணாவது வழிதான் கொடுமையானது. ரிப்பேர் பண்றதில்லை. 60 ரூபாய் வாடகை வர்ற வீட்டுக்கு யார் வெள்ளை அடிப்பாங்க? கூரை ஒழுகினா, "காலி பண்ணிட்டுப் போங்களேன்"னு பதில் வரும். பம்பாய்ல இது முத்திப்போய், அரசாங்கமே வரி (செஸ்) வசூலிச்சுப் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க 1969-ல் ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. அப்போ அந்தக் கணக்குல வந்த கட்டடங்கள் 19,642. மழைக்காலத்துல மும்பையில பழைய கட்டடம் இடிஞ்சு விழுந்ததுன்னு செய்தி படிக்கும்போது, அதுல 1940 செப்டம்பர் 1-க்கும் ஒரு பங்கு இருக்குன்னு இப்போ எனக்குத் தோணுது.

நாலாவது வழி, பூட்டு. வாடகைக்கே விடாம வச்சிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இந்திய நகரங்கள்ல மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியா இருந்துச்சு. எல்லாத்துக்கும் வாடகைச் சட்டம்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். முதலீட்டுக்கு வாங்கிப் போட்டது, ஆள் வராத இடத்துல கட்டினது எல்லாம் இருக்கும். ஆனா அதுல எங்க அப்பா மாதிரி ஆளுங்களும் இருக்காங்க.

ரெண்டு கட்டுக்கதைகள்

பாதியில நிறுத்தி ரெண்டு விஷயம் சொல்லிடறேன். டீக்கடையில அடிக்கடி காதுல விழறது.

ஒண்ணு, "11 மாச அக்ரிமென்ட் போட்டா ஆளைக் கிளப்பிடலாம்." 11 மாசம் எங்கேர்ந்து வந்ததுன்னா, 1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யணும். ஸ்டாம்ப் செலவு, ரிஜிஸ்டர் ஆபீஸ் அலைச்சலை மிச்சம் பிடிக்க ஒரு மாசத்தைக் குறைச்சாங்க, அவ்வளவுதான். வாடகைச் சட்டம் இருந்த காலத்துல 11 மாசம் முடிஞ்சா ஒண்ணும் ஆகாது. ஒப்பந்தம் முடிஞ்சாலும் குடித்தனக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு தொடரும். 1979-ல் சுப்ரீம் கோர்ட்ல ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து (தனபால் செட்டியார் - யசோதை அம்மாள், நம்ம ஊர் வழக்குதான்), ஒப்பந்தத்தை நோட்டீஸ் விட்டு முடிச்சாலும் முடிக்கலைன்னாலும், வாடகைச் சட்டம் சொல்ற காரணம் இருந்தாதான் காலி பண்ண வைக்க முடியும்னு தெளிவா சொல்லிட்டாங்க. தாத்தா கேஸ் போட்ட அதே வருஷம்!

இன்னொண்ணு, "12 வருஷம் குடியிருந்தா வீடு அவங்களுக்குப் போயிடும்." போகாது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரோட அனுமதியில இருக்கார். எதிரிடையா அனுபவிச்சாத்தான் 12 வருஷக் கணக்கே ஆரம்பிக்கும். குடித்தனக்காரரா இருந்துக்கிட்டே, "நீ இதுக்கு ஓனரே இல்லை"ன்னு சொல்ல முடியாதுன்னு 1872 சாட்சியச் சட்டம் சொன்னது. 2024-ல் அமலான புதுச் சட்டத்துலயும் அது இருக்கு. இந்த 12 வருஷ பயத்துலயே எத்தனையோ பேர் வீட்டைப் பூட்டி வச்சிருக்காங்க.

மறுபடி கட்டுக்கு வருவோம்

தாத்தா போட்ட கேஸ், "சொந்தமா குடியிருக்க வேணும்". முன்சீப் கோர்ட்ல 1982-ல் ஜெயிச்சார். கணக்குப்பிள்ளை மாமா அப்பீல் போனார். 1984-ல் அப்பீல் கோர்ட் திருப்பிப் போட்டது. காரணம், 1978-ல் தாத்தா எழுதின ஒரு கார்டு. "வாடகையை 100 ஆக்கித் தரவும்"னு ரெண்டு வரி. வாடகையை ஏத்தக் கேட்டவர் மறு வருஷமே குடியிருக்க வேணும்கிறார், ஆக இது உண்மையான தேவை இல்லைன்னு தீர்ப்பு.

எனக்கு ஒரு சந்தேகம். அதே சட்டத்துல வீட்டுக்காரரும் நியாய வாடகை கேட்கலாமே? 1973 திருத்தத்துக்குப் பிறகு, மனையோட மதிப்பும் கட்டடத்தோட மதிப்பும் சேர்த்து, வீடுன்னா வருஷத்துக்கு 9 சதவீதம், கடைன்னா 12 சதவீதம். உதாரணத்துக்கு மனை 50,000, கட்டடம் 30,000ன்னு வச்சா, 80,000-த்துக்கு 9 சதவீதம் 7,200. மாசம் 600 ரூபாய்! 60 எங்கே, 600 எங்கே? 1974-லயே சுப்ரீம் கோர்ட் (ராவல் கம்பெனி வழக்கு), ஒப்பந்த வாடகையைவிட அதிகமாவும் நியாய வாடகை நிர்ணயிக்கலாம்னு சொல்லியாச்சு. அப்பாகிட்ட கேட்டேன். "வக்கீல் வேணாம்னுட்டார். வாடகை ஏத்திக் கேட்டா, வீடு வேணும்கிறது பொய்னு அவங்க சொல்லுவாங்கன்னார். கடைசியில அந்தக் கார்டை வச்சு அதையேதான் சொன்னாங்க"ன்னார்.

அப்புறம் ஹைகோர்ட். அப்போ மதுரைக் கிளை கிடையாது, அது 2004-லதான் வந்தது. மெட்ராஸுக்குத்தான் பஸ் ஏறணும். தாத்தாவுக்கு வயசு அறுபதைத் தாண்டியாச்சு. வாய்தா மேல வாய்தா. 1991-ல் ரெண்டு பக்கமும் களைச்சுப் போய் சமாதானம். தாத்தா 15,000 ரூபாய் கொடுத்தார், கணக்குப்பிள்ளை மாமா காலி பண்ணார். ஆமாங்க, வீட்டுக்காரர் காசு கொடுத்துத் தன் வீட்டை வாங்கினார். தன்னோட வீட்டுல அவர் இருந்தது ரெண்டே வருஷம். 1993-ல் போயிட்டார்.

இவ்வளவு நாளா எங்க வீட்டுல இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரே ஒரு வில்லன்தான். ஆனா கட்டுல கணக்குப்பிள்ளை மாமாவோட பதில் மனுவும் இருந்தது. படிச்சுப் பார்த்தேன். கடையில மாச சம்பளம் 310 ரூபாய். வீட்டுல ஆறு பேர். 175 ரூபாய் வாடகைக்குப் போனா மிச்சம் 135. "தெருவில் நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை"ன்னு எழுதியிருக்கார். வக்கீல் குமாஸ்தா எழுதற வழக்கமான வாசகமா இருக்கலாம். ஆனா கணக்கு பொய் சொல்லலை.

அப்பாவும் அவர் பையனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். கேஸ் போட்ட பிறகு பேச்சு நின்னு போச்சு. இதை அப்பா இந்தப் பொங்கலுக்குத்தான் என்கிட்ட சொன்னார். "மாமா கெட்டவர் இல்லடா. பண்டிகைன்னா முறுக்கு கொடுத்தனுப்புவாங்க. தாத்தாவும் கெட்டவர் இல்லை." சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஊர்ல வீடு போதலை. அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க வேண்டியது அரசாங்கம். வீடு கட்டணும், கட்ட இடம் கொடுக்கணும், சம்பளம் பத்தாதவங்களுக்கு உதவணும். அதைச் செய்யாம, அந்தச் செலவை ஒரு ரயில்வே ரிட்டயர்ட் ஆள் தலையில கட்டி, எதிர்ல ஒரு கணக்குப்பிள்ளையை நிறுத்தி, நீங்களே அடிச்சுக்கோங்கன்னு விட்டது சட்டம். கிளாஸ்கோவுல பாவம் கடன் வட்டியையாவது சேர்த்துக் கட்டினாங்க. நம்ம சட்டத்துல அதைப் பத்திப் பேச்சே இல்லை.

இப்போ என்ன?

2005-ல் ஆரம்பிச்ச ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்துல, மத்திய அரசுப் பணம் வேணும்னா வாடகைச் சட்டத்தைத் திருத்தணும்கிறதும் ஒரு நிபந்தனை. அப்படியும் நம்ம மாநிலத்துல புதுச் சட்டம் 2017-லதான் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-ல் அமலாச்சு. 1960 சட்டம் போயே போச்சு. 1941-லேர்ந்து கணக்குப் போட்டா 78 வருஷம். தற்காலிகம்!

புதுச் சட்டத்துல நியாய வாடகைங்கிற பேச்சே இல்லை. ரெண்டு பேரும் எழுத்துல என்ன ஒத்துக்கிறாங்களோ அதுதான் வாடகை. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரிகிட்ட பதிவு செய்யறதும் கட்டாயம். ஆன்லைன்லயே பண்ணலாம். அட்வான்ஸ் மூணு மாசம், ஆனா "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்"னு ஒரு வால் இருக்கு. (அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டுதான் சென்னை இன்னும் அதிகமா வாங்குது.) 2021-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்துல வீட்டுக்கு ரெண்டு மாசம்தான். காலம் முடிஞ்சும் காலி பண்ணலைன்னா முதல் ரெண்டு மாசத்துக்கு வாடகை ரெண்டு மடங்கு, அப்புறம் நாலு மடங்குன்னு அதுல இருக்கு.

தராசு இப்போ அந்தப் பக்கம் சாஞ்சிருச்சோன்னு எனக்குப் பயம் இருக்கு. இன்னிக்கு ஒரு கணக்குப்பிள்ளை மாமா வந்தா அவரை யார் பார்த்துக்குவாங்க? அந்தக் கேள்விக்குப் பழைய சட்டம் தப்பான விடை சொன்னது. புதுச் சட்டம் கேள்வியையே எடுத்துருச்சு.

சரி, சிம்மக்கல் வீட்டுக்கு வர்றேன். அப்பத்தா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அதுலேர்ந்து வீடு பூட்டித்தான் கிடக்கு. அம்மா வாடகைக்கு விடலாங்கிறாங்க, அப்பா முடியாதுங்கிறார். நான் புதுச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கேஸ்னு வந்தா எத்தனை வருஷம் ஆகும்?" என்கிட்ட பதில் இல்லை. சட்டம் மாறிருச்சு, கோர்ட்ல கூட்டம் குறைஞ்சதா தெரியலை.

இதுல இன்னொரு கூத்து. அப்பாகிட்ட வீராப்பா பேசிட்டு சென்னைக்கு வந்து, என் ஹவுஸ் ஓனர்கிட்ட, "சார், நம்ம ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணிடலாமா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "எதுக்குத் தம்பி, நமக்குள்ள என்ன"ன்னார். அப்புறம் மெதுவா, "எங்க அப்பா ஒரு கடையை வாடகைக்கு விட்டுட்டு இருபது வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சார். பதிவு கிதிவுன்னாலே எனக்கு அலர்ஜி"ன்னார். அவர் வீட்டுப் பரண்லயும் ஒரு மஞ்சப்பை இருக்கும்னு நினைக்கிறேன்.

போன வாரம் அம்மா போன்ல சொன்னாங்க. அப்பா சிம்மக்கல் வீட்டுக்குப் போய் ஆளை வச்சு ஓட்டை மாத்தி, வெள்ளை அடிக்கிறாராம். வாடகைக்கு விடறதுக்கான்னு கேட்டா பதில் சொல்லலையாம். "சும்மா கிடந்தா சுவர் போயிடும்"னு மட்டும் சொன்னாராம்.

கூப்பன்கள் 94-ம் இப்போ என் மேஜை டிராயர்ல இருக்கு. கணக்குப்பிள்ளை மாமாவோட பையன் இப்போ எங்கே இருக்கார்னு அப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்கணும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப கேட்கிறேன்.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க வீட்டு விவகாரத்துக்கு இந்தப் பதிவை ஆதாரமா காட்டிராதீங்க.

டிஸ்கி 2: வாடகைக்கு எடுத்த மனையில தன் காசுல வீடு கட்டிக்கிட்டவங்களுக்காக மெட்ராஸ்ல 1920-கள்லயே ஒரு தனிச் சட்டம் வந்தது. அது பெரிய கதை, இன்னொரு பதிவுல. உங்க வீட்டுப் பரண்லயும் இந்த மாதிரி கட்டு இருந்தா சொல்லுங்க மக்களே. வீட்டுக்காரர் கட்டா இருந்தாலும் சரி, குடித்தனக்காரர் கட்டா இருந்தாலும் சரி.